பழகிப்போன மருந்து

சில மாதங்களுக்கு முன் ஒரு சுகாதாரப் பிரசுரத்தைத் தமிழாக்கும் வேலை வந்தது. மலேரியா பற்றியது. நான்கே பக்கங்கள். ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு சொல் வழியை மறித்தது. மருந்துக்குக் கிருமி மசிய மறுப்பதைக் குறிக்கும் சொல். அகராதியைப் பின்பற்றி 'எதிர்ப்பு சக்தி' என்று எழுதினேன். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் படித்துக் காட்டினேன். அவர் தலையை அசைத்தார். "எதிர்ப்பு சக்தி கூடினா நல்லதுதானே? அதுக்குத்தானே கடையில டானிக் விக்கிறான்?"

நான் விளக்க முற்பட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "ஓ, மருந்து உடம்புக்குப் பழகிப்போச்சுன்னா அப்புறம் கேக்காது. அதைத்தானே சொல்றீங்க?"

அதுவும் இல்லை. ஆனால் நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறோம். டாக்டரிடம் போய், "இந்த மாத்திரை எனக்குப் பழகிடுச்சு, வேற எழுதிக் குடுங்க" என்று கேட்காதவர் யார்? பழகியது உடம்பு என்றால் பிரச்சினை சொந்தப் பிரச்சினை. டாக்டரை மாற்றலாம், மருந்தை மாற்றலாம், நஷ்டம் என்னோடு போகும். ஆனால் பழகுவது உடம்பல்ல, உடம்பில் குடியிருக்கும் ஒட்டுண்ணி. என் ரத்தத்தில் மருந்தை ஏய்க்கக் கற்றுக்கொண்ட ஒட்டுண்ணி ஒரு கொசு மூலம் அடுத்த வீட்டுக்குப் போகும், அடுத்த மாவட்டத்துக்குப் போகும். முதல் வேளையிலேயே மருந்து தோற்றுப்போகிற அந்த மனிதர் வாழ்நாளில் அந்த மாத்திரையைத் தொட்டே இருக்கமாட்டார்.

இந்தியாவுக்கு இது தெரியவந்தது 1973ல், அஸ்ஸாமின் கார்பி ஆங்லாங் மலைப்பகுதியில். குளோரோகுயின் கொடுத்தும் அங்கே சில நோயாளிகளின் ரத்தத்திலிருந்து ஃபால்சிபாரம் வகை ஒட்டுண்ணி விலகவில்லை. மலேரியா ஒட்டுண்ணிகளில் உயிரைக் குடிப்பதில் முதலிடம் ஃபால்சிபாரத்துக்குத்தான். குளோரோகுயினோ அன்று விலை மலிவான, கர்ப்பிணிகளும் குழந்தைகளும்கூட உட்கொள்ளக்கூடிய மந்திர மாத்திரை. நாட்டின் மலேரியா ஒழிப்புத் திட்டமே ஒரு கையில் டி.டி.டி.யையும் மறு கையில் குளோரோகுயினையும் நம்பி நின்றது.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமலில்லை. 1947ல் நாட்டில் ஆண்டுக்கு ஏழரைக் கோடி பேரை மலேரியா தாக்கியது என்றும், எட்டு லட்சம் பேர் மாண்டார்கள் என்றும் மதிப்பீடு. 1953ல் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது, 1958ல் அது ஒழிப்புத் திட்டமாயிற்று. 1965ல் நோயாளிகளின் எண்ணிக்கை சுமார் ஒரு லட்சம். வெற்றி கைக்கெட்டிய நேரத்தில் பிடி தளர்ந்தது. டி.டி.டி.க்குக் கொசு பழகியது, மருந்துக்கு ஒட்டுண்ணி பழகியது, கண்காணிப்பில் சோம்பல் புகுந்தது. 1976ல் எண்ணிக்கை 64 லட்சம்! இலங்கையின் கதையும் இதுதான். 1963ல் அந்தத் தீவில் மொத்தமே 17 பேருக்குத்தான் மலேரியா. அறுபதுகளின் இறுதியில் ஐந்து லட்சத்துக்கும் மேல். அவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்கி, 2016ல்தான் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று பெற்றார்கள்.

மலேரியா மருந்துகளின் வரலாறே ஒரு தொடர் ஓட்டம்தான். நம் பாட்டிமார்கள் 'கொயினா' என்று முகம் சுளித்துச் சொன்ன குயினைன் தென் அமெரிக்க சின்கோனா மரப்பட்டையிலிருந்து வந்தது. 1820ல் இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1860களில் ஆங்கிலேயர்கள் அந்த மரத்தை நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள். நடுவட்டத்தில் அரசு குயினைன் தொழிற்சாலையே இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ஜாவாவைப் பிடித்தபோது உலகின் சின்கோனா தோட்டங்களில் பெரும்பகுதி அதன் கைக்குப் போயிற்று. நேச நாடுகள் செயற்கை மருந்துக்குப் பறந்தன. ஜெர்மனியின் பேயர் கம்பெனியில் 1934லேயே தயாரிக்கப்பட்டு, நச்சுத்தன்மை அதிகம் என்று தவறாக ஒதுக்கிவைக்கப்பட்ட ஒரு பொருளை அமெரிக்கர்கள் தூசி தட்டி எடுத்தார்கள். அதுதான் குளோரோகுயின்.

அதன் வேலை எளிமையானது. ஒட்டுண்ணி நம் சிவப்பணுவுக்குள் உட்கார்ந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. தின்றபின் மிஞ்சும் இரும்புச் சத்துள்ள கழிவு அதற்கே விஷம். அதைப் படிகமாக்கி ஒதுக்கிவைத்துவிட்டு உயிர் வாழ்கிறது. குளோரோகுயின் அந்தப் படிகத்தை உருவாகவிடாது. தன் கழிவில் தானே மூழ்கி ஒட்டுண்ணி சாகும். ஆனால் நோய் முற்றியவர் ரத்தத்தில் பல ஆயிரம் கோடி ஒட்டுண்ணிகள் இருக்கலாம். அவற்றில் ஒன்றிரண்டின் மரபணுவில் எழுத்துப் பிழைகள் சேர்ந்துவிடுகின்றன. அந்தப் பிழைகளால், மருந்தை வெளியே இறைத்துவிடும் குழாய் ஒன்று அவற்றுக்குக் கிடைக்கிறது. மற்றவை சாக, அவை மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. யாரும் யாருக்கும் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. மருந்து ஒரு சல்லடை, அவ்வளவுதான்.

1950களின் இறுதியில் தாய்லாந்து-கம்போடிய எல்லையிலும் கொலம்பியாவிலும் இது நடந்தது. அந்த எல்லையிலிருந்து கிளம்பிய ஒட்டுண்ணி பர்மா வழியாக அஸ்ஸாமுக்கு வந்தது. எழுபதுகளின் இறுதியில் கிழக்கு ஆப்பிரிக்காவில் தலைகாட்டியது. ஆப்பிரிக்க ஒட்டுண்ணியின் மரபணுவை ஆராய்ந்தபோது அதன் பூர்வீகம் தென்கிழக்கு ஆசியா என்று தெரிந்தது. பின்னால் வந்த சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் மாத்திரையும் அதே எல்லையில் தோற்றது, மெஃப்ளோகுயினும் அப்படியே.

அடுத்த மருந்து வந்த இடம் யாரும் எதிர்பாராதது. வியட்நாம் போரில் வட வியட்நாம் வீரர்கள் தோட்டாவைவிட மலேரியாவால் தவித்தபோது சீனாவிடம் உதவி கேட்டார்கள். 1967ல் சீனா ஒரு ரகசிய ராணுவ ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதில் 1969ல் சேர்ந்தவர் தூ யூயூ என்ற பெண் விஞ்ஞானி. பழைய மருத்துவ நூல்களைப் புரட்டினார். குறிப்பிட்ட ஒரு மூலிகையின் சாறு எலிகளிடம் ஒருமுறை வேலை செய்தது, மறுமுறை கைவிட்டது. நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹோங்கின் குறிப்பு ஒன்றை மறுபடி படித்தபோதுதான் அவருக்குப் பொறி தட்டியது. அந்தப் பச்சிலையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்கிறது குறிப்பு. காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ? குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகிவிடும் ஈதரில் சாறெடுத்தார். 1971 அக்டோபர் 4. 191ஆம் எண் சாறு. எலிகளின் ரத்தத்திலிருந்து ஒட்டுண்ணி முழுவதுமாக மறைந்தது. 1972ல் அவரும் சக ஆராய்ச்சியாளர்களும் முதலில் தாங்களே குடித்துப் பார்த்துவிட்டுத்தான் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். 2015ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பழைய ஏடுகளைப் படித்து வளர்ந்த என் போன்றவர்களுக்கு இந்தக் கதையில் ஒரு கர்வம் உண்டு. ஒரு வினைச்சொல்லைச் சரியாகப் படித்ததில் லட்சக்கணக்கான உயிர்கள் பிழைத்தன! ஆனால் 'எல்லாம் நம் முன்னோர்களுக்குத் தெரியும்' என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. ஏடு ஒரு துப்புக் கொடுத்தது. மருந்தாக்கியது ஆராய்ச்சிக்கூடம். அந்த இலையைக் கஷாயமாகக் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் ஆதரிப்பதில்லை. கஷாயத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. அரைகுறை மருந்து ஒட்டுண்ணிக்கு நல்ல பள்ளிக்கூடம்.

ஆர்ட்டிமிசினின் எனப்படும் இந்த மருந்தைக் காப்பாற்ற ஒரு தந்திரம் செய்தார்கள். தனியாகக் கொடுக்காதே, வேறு வகை மருந்தோடு கூட்டாகக் கொடு. காரணம் எளிய கணக்கு. ஒட்டுண்ணியின் ஒரு சுற்று 48 மணி நேரம். ஒரு சுற்றில் ஆர்ட்டிமிசினின் ஒட்டுண்ணிகளைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கிறது. உடம்பில் பத்தாயிரம் கோடி இருந்தால் முதல் சுற்றில் ஒரு கோடியாகும், இரண்டாம் சுற்றில் வெறும் ஆயிரம். அந்த ஆயிரத்தைக் கூட்டாளி மருந்து தீர்த்துக்கட்டும். மூன்று நாள் மாத்திரை என்பது இந்த இரண்டு சுற்றுகளையும் தொடுவதற்காக. ஆனால் நடப்பது என்ன? இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு அதுவே போதும். மிச்ச மாத்திரை மாடத்தில், அடுத்த காய்ச்சலுக்காக. அப்படி நிறுத்தினால் மிஞ்சுவது ஆயிரம் அல்ல, ஒரு கோடி.

இந்தியா 2009ல் வாய்வழி ஆர்ட்டிமிசினின் மாத்திரைகளைத் தனியாக விற்பதைத் தடை செய்தது. 2010 முதல் ஃபால்சிபாரம் நோயாளிகள் அனைவருக்கும் கூட்டு மருந்து என்பது கொள்கை. ஆனால் கூட்டாளியாகச் சேர்த்தது ஏற்கெனவே அடிவாங்கிய சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமினை. வடகிழக்கு மாநிலங்களில் அது சீக்கிரமே தடுமாறியது. 2013ல் அங்கே மட்டும் ஆர்ட்டிமீத்தர்-லூமிஃபான்ட்ரின் என்ற வேறு ஜோடிக்கு மாறினார்கள். மறுபடியும் வடகிழக்கு. கார்பி ஆங்லாங்கில் மணி அடித்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு.

இதற்கிடையே கம்போடியாவின் மேற்கு ஓரத்தில், பைலின் பகுதியில், 2008-09ல் ஆர்ட்டிமிசினினே மெதுவாக வேலை செய்வது தெரிந்தது. ஒட்டுண்ணி சாகாமல் இளம் பருவத்திலேயே தூங்குவதுபோல் பதுங்கிவிடுகிறது, மருந்து உடம்பிலிருந்து வெளியேறியதும் எழுந்து வளர்கிறது. 'கெல்ச் 13' என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம்தான் காரணம் என்று 2014ல் உறுதியாயிற்று. அந்தப் பகுதியில் ஒரு முக்கியமான கூட்டு மருந்து பின்னர் ஏறத்தாழப் பாதி நோயாளிகளிடம் தோற்றது.

அஸ்ஸாம் வழியாக அது வருமா என்று எல்லோரும் நம் கிழக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2018ல் கிழக்கிந்தியாவில் சில நோயாளிகளிடம் அதன் அறிகுறி தென்பட்டதாக மேற்கு வங்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். பெரிய அளவில் பரவியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் அதிர்ச்சி வேறு திசையிலிருந்து வந்தது. 2020ல் ருவாண்டாவிலும் 2021ல் உகாண்டாவிலும் அதே மரபணுவில் மாற்றங்கள் உறுதி செய்யப்பட்டன. இந்த முறை ஒட்டுண்ணி ஆசியாவிலிருந்து கப்பலேறிப் போகவில்லை. அங்கேயே, தானாகவே முளைத்தது. எல்லையில் காவல் போட்டால் போதும் என்ற எண்ணத்துக்கு இது சாவுமணி. மருந்து எங்கெல்லாம் அரைகுறையாகப் பயன்படுகிறதோ அங்கெல்லாம் ஒரு பைலின் உருவாகலாம். உலக அளவில் 2024ல் மலேரியாவுக்கு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள், அதிலும் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

அப்படியானால் அடுத்த மருந்து எங்கே? இங்கேதான் பணம் பேசத் தொடங்குகிறது. 1975க்கும் 1999க்கும் இடையே உலகச் சந்தைக்கு வந்த புதிய மருந்துப் பொருள்கள் 1,393. அவற்றில் வெப்பமண்டல நோய்களுக்கும் காசநோய்க்குமாகச் சேர்த்து வந்தவை 16! வழுக்கைக்கும் பருமனுக்கும் மருந்து தேடும் கம்பெனிகளுக்கு, காட்டில் காய்ச்சலோடு கிடக்கும் ஆதிவாசி வாடிக்கையாளர் அல்ல. அதே சமயம் மலேரியா மருந்துக்குப் போடப்படும் நிபந்தனைகளோ கடுமையானவை. வாயால் சாப்பிடுவதாக இருக்கவேண்டும். மூன்று நாளுக்குள் முடியவேண்டும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கேடு செய்யக்கூடாது. குளிர்பதனப் பெட்டி இல்லாத கிராமத்தில் கெடாமல் இருக்கவேண்டும். இவ்வளவுக்கும் மேல், ஏறக்குறைய இனாமாகக் கிடைக்கவேண்டும்.

இந்தப் புதிரை அவிழ்க்க 1999ல் ஜெனிவாவில் ஒரு லாப நோக்கில்லாத அமைப்பு உருவானது. எம்.எம்.வி. என்று பெயர். அரசுகளும் அறக்கட்டளைகளும் பணம் தரும், கம்பெனிகள் ஆராய்ச்சிக்கூடத்தையும் ரசாயன இருப்பையும் தரும். 2010ல் கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் தன்னிடமிருந்த சுமார் 20 லட்சம் ரசாயனங்களை ஒட்டுண்ணியின்மேல் சோதித்து, அதைக் கொல்லக்கூடிய 13,000த்துக்கும் அதிகமானவற்றின் விவரங்களை உலகுக்கே திறந்துவிட்டது. மருந்துக் கம்பெனி ஒன்று பெட்டகச் சாவியைத் தெருவில் வைத்த அதிசயம் அது.

பலன் இப்போது தெரிகிறது. நோவார்ட்டிஸ் எம்.எம்.வி.யுடன் சேர்ந்து உருவாக்கிய கனாப்லசைடு, ஆர்ட்டிமிசினின் குடும்பத்தைச் சேராதது. லூமிஃபான்ட்ரினோடு சேர்த்து நாளொன்றுக்கு ஒரு வேளையாக மூன்று நாள் கொடுக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் 12 நாடுகளில் 1,668 பேரிடம் நடந்த இறுதிக்கட்டச் சோதனையின் முடிவுகள் 2025 நவம்பரில் வெளியாயின. குணமானவர்கள் 97.4 சதவீதம். ஒப்பிடப்பட்ட பழைய கூட்டு மருந்தில் 94 சதவீதம். வித்தியாசம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ஆர்ட்டிமிசினின் கைவிடும் நாளில் நிற்பதற்கு ஒரு காலாவது இருக்கும் என்பதே இதன் பொருள். இன்னொரு பக்கம், இருக்கிற மருந்துகளிலேயே மூன்றைச் சேர்த்துக் கொடுக்கும் சோதனைகளும் நல்ல பலன் தந்திருக்கின்றன. 2025 ஜூலையில் ஐந்து கிலோ எடைகூட இல்லாத சிசுக்களுக்கென்றே ஒரு மாத்திரைக்கு சுவிட்சர்லாந்து அனுமதி தந்தது. அதுவரை பெரிய குழந்தையின் மாத்திரையைத்தான் அவர்களுக்கு அளந்து கொடுத்துவந்தார்கள்.

நம் நாட்டில் கணிசமாக இருக்கும் வைவாக்ஸ் மலேரியாவின் தலைவலி வேறு. அது கல்லீரலில் உறங்கிக் கிடந்து மாதங்கள் கழித்து எழும். அதைக் கொல்லும் பிரைமாகுயினைப் பதினான்கு நாள் விழுங்கவேண்டும். காய்ச்சல் போனபின் பதினான்கு நாள் மாத்திரை சாப்பிடும் பொறுமை நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? ஒரே வேளையில் அந்த வேலையை முடிக்கும் டாஃபெனோகுயினுக்கு 2018ல் அமெரிக்கா அனுமதி தந்தது. ஆனால் ஜி-6-பி.டி. என்ற நொதி குறைந்தவர்களுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். மாத்திரைக்கு முன் ரத்தப் பரிசோதனை கட்டாயம். மாத்திரை காட்டுக்குள் போய்ச் சேரும், பரிசோதனைக் கருவி போய்ச் சேருமா?

இந்த ஓட்டத்தில் இந்தியா வேடிக்கை பார்க்கும் நாடாக இருந்ததில்லை. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஆர்ட்டீத்தர் ஊசி 1997ல் சந்தைக்கு வந்தது. அதே ஊரின் மூலிகை ஆராய்ச்சி நிலையம் அந்தச் சீனச் செடியை நம் வயல்களில் வளர்க்க 'ஜீவன்ரக்ஷா' என்ற ரகத்தைத் தந்தது. ஆர்ட்டிமிசினினைப்போலச் செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட ஆர்ட்டிரோலேன் என்ற பொருளின் ஆராய்ச்சியிலிருந்து 2007ல் எம்.எம்.வி. விலகிக்கொண்டபோது, குர்காவோனில் இயங்கிய ரான்பாக்ஸி ஆராய்ச்சிக்கூடம் அதைக் கைவிடவில்லை. மத்திய அரசின் விஞ்ஞானத் துறையும் கைகொடுத்தது. 2012 ஏப்ரல் 25ல், உலக மலேரியா தினத்தன்று, 'சின்ரியாம்' வெளிவந்தது. இந்தியக் கம்பெனி ஒன்று கொண்டுவந்த முதல் புது மருந்து என்று அன்று கொண்டாடினோம்.

அதன்பிறகு அந்த வேகம் எங்கே போயிற்று? இங்கே ஒரு முரண்பாடு இருக்கிறது. 2015ல் 11.69 லட்சமாக இருந்த நம் நோயாளிகள் 2023ல் 2.27 லட்சமாகக் குறைந்தார்கள். பாராட்டவேண்டிய சாதனை. ஒடிசாவின் எட்டாத மலைகளுக்கு ரத்தப் பரிசோதனைப் பட்டைகளோடு நடந்துபோன ஆஷா ஊழியர்களுக்கு இதில் பெரும் பங்கு. 2030க்குள் மலேரியாவை ஒழிப்பது அரசின் இலக்கு. ஆனால் நோயாளி குறையக் குறைய சந்தை சுருங்குகிறது, ஆர்வமும் சுருங்குகிறது. எஞ்சியிருப்பவர்கள் வடகிழக்கு மலைகளிலும் மத்திய இந்தியக் காடுகளிலும் வாழ்பவர்கள். குரல் எட்டாதவர்கள். கடைசி ஒரு லட்சத்தில் பிடி தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை 1965க்கும் 1976க்கும் இடையே நாம் ஒருமுறை பார்த்தாயிற்று.

ஆகவே மூன்று காரியங்கள் அவசியம். லாபக் கணக்குப் பார்க்காத அரசு ஆராய்ச்சிக்கூடங்களுக்கு மலேரியா மருந்துக்கென்று தொடர்ந்து பணம் வேண்டும், எண்ணிக்கை குறைந்தாலும். வடகிழக்கில் மட்டுமல்லாமல், நோய் எஞ்சியுள்ள எல்லா மாவட்டங்களிலும் நோயாளியின் ஒரு சொட்டு ரத்தத்தைத் தாளில் ஒற்றி எடுத்து, கெல்ச் 13 மாறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மூன்றாவது காரியம் சொல்லில் இருக்கிறது. மருந்து தோற்பது எப்படி என்பதை மக்களுக்குப் புரியும் மொழியில் சொல்லவேண்டும்.

மலாவி நாட்டில் ஒரு நல்ல செய்தி உண்டு. 1993ல் அங்கே குளோரோகுயினை நிறுத்தினார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது அதே மாத்திரை 99 சதவீதம் வேலை செய்தது. சல்லடையை எடுத்துவிட்டதும் பழைய ஒட்டுண்ணி திரும்பி வந்துவிட்டது. பழகியதை மறக்கவும் செய்யும், நாம் ஒழுங்காக இருந்தால்.

பிரசுரத்தில் 'எதிர்ப்பு சக்தி'யை அடித்துவிட்டேன். 'மருந்துக்குக் கிருமி பழகிவிடும்' என்று எழுதி, அதன்கீழ் இன்னொரு வரியும் சேர்த்தேன்: 'காய்ச்சல் விட்டாலும் மூன்றாம் நாள் மாத்திரையைச் சாப்பிடுங்கள், அது உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான்.' மூலத்தில் இல்லாத வரி. மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடாத காரியம். பெரியவரிடம் மறுபடி படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நான் போன தடவை பாதியில நிறுத்தினது தப்புதான் போலிருக்கு" என்றார். அந்த வரியை அப்படியே விட்டுவிட்டேன்.